தோற்ற இரவை எப்படிக் கழிப்பது? குகேஷின் நான்கு தோல்விகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர் 25, சிங்கப்பூரின் செந்தோசா தீவு. உலக சதுரங்க சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு இறங்கிய 18 வயது குகேஷ், நடப்பு சாம்பியன் டிங் லிரெனிடம் 42 நகர்த்தல்களில் தோற்றார். வாழ்நாள் கனவாக வைத்திருந்த மேடையில் முதல் நாளே சறுக்கல். அறைக்குத் திரும்பும்போது லிஃப்டில் விஸ்வநாதன் ஆனந்தைப் பார்த்திருக்கிறார். ஆனந்த் சொன்னது ஒரு கணக்கு மட்டும்: "எனக்கு 11 ஆட்டம்தான் மிச்சம் இருந்தது, உனக்கு 13 இருக்கு."

2010-இல் உலகப் பட்டத்துக்காக சோஃபியாவில் பல்கேரியாவின் டோபலோவுடன் மோதியபோது ஆனந்தும் முதல் ஆட்டத்தில் தோற்றவர். அது 12 ஆட்டத் தொடர், குகேஷுடையது 14. மறுநாளே சமன் செய்து, கடைசி ஆட்டத்தில் 6.5–5.5 என்று பட்டத்தைத் தக்கவைத்தார். அதைத்தான் ஒரே வரியில் சொன்னார். "கவலைப்படாதே", "நீ சிங்கம்" மாதிரி எதுவும் அதில் இல்லை. தோற்றுவிட்டு வரும் இளைஞன் காதில் புகழ்ச்சி பொய்யாகக் கேட்கும். எண்ணிக்கை அப்படிக் கேட்காது. இன்னும் எத்தனை ஆட்டம் என்ற கேள்வி, தலையை நடந்து முடிந்ததிலிருந்து எடுத்து இனி நடக்கப்போவதில் வைக்கிறது.

இளம் விளையாட்டு வீரர்களின் மனநிலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "மன உறுதி" என்ற சொல் வந்துவிடுகிறது, ஏதோ பிறவியிலேயே சிலருக்கு வாய்த்தது போல. குகேஷின் வழக்கை உற்றுப் பார்த்தால் தெரிவது வேறு. தோற்ற பிறகான ஓர் இரவையும் ஒரு பகலையும் எப்படிக் கழிப்பது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கும் வேலை அது. அதனால் இந்த ஆய்வு அவருடைய வெற்றிகளை விட்டுவிட்டு நான்கு தோல்விகளை எடுத்துக்கொள்கிறது.

நான்கு தோல்விகள்

முதலாவது மாமல்லபுரம், 2022 ஆகஸ்ட், நாடுகள் அணிகளாக மோதும் 44-வது சதுரங்க ஒலிம்பியாட். இந்தியா 'பி' அணியின் முதல் பலகையில் 16 வயது குகேஷ். முதல் எட்டுச் சுற்றிலும் எட்டு வெற்றி, ஒன்பதாவதில் டிரா. பத்தாவது சுற்றில் எதிரே உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ். குகேஷின் கை ஓங்கியிருந்த ஆட்டம். டிராவோடு நிறுத்திக்கொள்ளாமல் வெற்றிக்கே முயன்று, கடிகாரம் நெருக்கும்போது ஒரு தவறான நகர்த்தலில் எல்லாம் கைவிட்டுப் போனது. பலகைக்கு முன்னால் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். மறுநாள் காலையிலேயே கடைசிச் சுற்று. ஜெர்மனியின் கைமருடன் டிரா செய்தார்; அணி 3–1 என்று வென்று வெண்கலம் பெற்றது. 11-க்கு 9 புள்ளி எடுத்த குகேஷுக்கு முதல் பலகைக்கான தனிநபர் தங்கம்.

இரண்டாவது டொரோண்டோ, 2024 ஏப்ரல், கேண்டிடேட்ஸ்: உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் போட்டி. ஏழாவது சுற்றில் பிரான்ஸின் ஃபிரூஸாவிடம் தோல்வி, அதுவும் டைம் பிரஷரில். வலித்த தோல்விதான் என்று அவரே பின்னால் சொன்னார். ஆனால் அடுத்து வந்த ஓய்வு நாளில் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக உணர்ந்ததாகவும், அந்தத் தோல்வியே தனக்கு வேகம் கொடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். எட்டாவது சுற்றில் விதித் குஜராத்தியை வென்றார். அதன்பிறகு தோல்வியே இல்லை. 13-வது சுற்றில் அதே ஃபிரூஸாவை வீழ்த்தி, 14-க்கு 9 புள்ளிகளுடன் முதலிடம். கேண்டிடேட்ஸ் வரலாற்றில் மிக இளைய வெற்றியாளர்.

மூன்றாவது, சிங்கப்பூரின் முதல் ஆட்டம். மறுநாள் கறுப்புக் காய்களோடு ஆடிய இரண்டாவது ஆட்டம் 23 நகர்த்தல்களில் ஆரவாரமில்லாத டிரா. மூன்றாவது ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு வெற்றி. டிங்குக்குக் கடிகாரத்திலேயே நேரம் தீர்ந்துபோனது.

நான்காவது அதே தொடரின் 12-வது ஆட்டம், டிசம்பர் 9. கொடுமை என்னவென்றால், முந்தைய நாள்தான் 11-வது ஆட்டத்தை வென்று 6–5 என்று முன்னிலைக்கு வந்திருந்தார். ஒரே நாளில் அது கரைந்து 6–6. டிங் அன்று ஆடியது அந்தத் தொடரின் மிக நேர்த்தியான ஆட்டங்களில் ஒன்று. பிறகு ஓர் ஓய்வு நாள், 13-வது ஆட்டம் டிரா, 14-வதில் வெற்றி. 7.5–6.5. மிக இளைய உலக சாம்பியன் என்று காஸ்பரோவ் 22 வயதில் வைத்த சாதனை 18 வயதுக்கு இறங்கியது.

நான்கு தோல்விக்கும் அடுத்த ஆட்டங்களை வரிசையாகப் பாருங்கள்: டிரா, வெற்றி, டிரா, டிரா. ஒன்றில்கூட அடுத்தடுத்து விழவில்லை. நம் ஊர் மைதானங்களில் தோற்ற பையனிடம் முதலில் சொல்வது "அடுத்த மேட்ச்ல காட்டுடா" என்பதுதான். பழிவாங்கும் வேகத்தோடு இறங்குபவர் தேவையில்லாத இடத்தில் துணிவார். எதிராளிக்கு அதைவிட வசதி வேறில்லை. இங்கே நடந்தது ரத்தத்தை நிறுத்தும் வேலை. முதலில் நிதானமான ஒரு டிரா, கை நடுக்கம் அடங்கிய பிறகு வெற்றிக்கான முயற்சி. ஓட்டத்திலும் நீச்சலிலும் டிரா கிடையாது; ஆனால் தோல்விக்கு அடுத்த போட்டியில் சொந்தச் சிறந்த நேரத்தை முறியடிக்கத் துடிக்காமல், வழக்கமான திட்டத்தை அப்படியே செய்து முடிப்பது அதற்கு இணை.

எல்லாவற்றையும் மனதின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. டொரோண்டோ தோல்விக்கும் சிங்கப்பூரின் 12-வது ஆட்டத்துக்கும் பிறகு அட்டவணைப்படியே ஓய்வு நாள் வந்தது. அது அதிர்ஷ்டம். மாவட்டப் போட்டியில் காலையில் அரையிறுதி தோற்று மதியம் மூன்றாம் இடத்துக்கு ஆட வேண்டிய பெண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவளுக்கு இரண்டு மணி நேரத்தில் முடிகிற முறை வேண்டும். அது கீழே வருகிறது.

பின்னணியில் இருந்தவை

கேண்டிடேட்ஸ் முடிந்தபின் குகேஷ் மனப் பயிற்சியாளர் ஒருவர் வேண்டும் என்று தானாகவே கேட்டார். வெஸ்ட்பிரிட்ஜ்–ஆனந்த் அகாடமி வழியாக பேடி அப்டன் அறிமுகமானார். 2011 கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியோடும், பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியோடும் வேலை செய்த தென்னாப்பிரிக்கர். உலகப் போட்டிக்கு முன் சுமார் அரை வருடம் சேர்ந்து வேலை செய்தார்கள். கேட்டது யார் என்பதைக் கவனிக்க வேண்டும். "என் பொண்ணுக்குக் கான்ஃபிடன்ஸ் கம்மி, கொஞ்சம் பேசிச் சரி பண்ணுங்க" என்று பெற்றோர் இழுத்துக்கொண்டு வரும் இடத்தில் பாதி வேலை தொடங்குமுன்பே கெட்டுவிடுகிறது. தனக்கு ஒரு குறை இருப்பதாகத்தான் அந்தப் பெண் அதைப் புரிந்துகொள்வாள்.

சிங்கப்பூரில் 12-வது ஆட்டத்துக்குப் பின் குகேஷ் அப்டனிடம் சொன்ன பிரச்சினை மிகச் சாதாரணமானது: சரியாகத் தூக்கம் வரவில்லை. அப்டன் சின்னச் சின்ன மாற்றங்கள் சொன்னார். கடைசி ஆட்டங்களுக்கு முன் குறைந்தது 8 மணி நேரம் தூங்கியதாகவும், அதனால்தான் தெளிவாக இருந்ததாகவும் வெற்றிக்குப் பிறகு குகேஷ் சொன்னார். உலகமே பார்க்கும் போட்டியின் உச்சத்தில் மனப் பயிற்சியாளர் தொட்ட இடம் தூக்கம். 13 முதல் 18 வயதுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவப் பரிந்துரை. அதிகாலை 4.30-க்கு எழுந்து பயிற்சி, பள்ளி, மாலைப் பயிற்சி, டியூஷன், வீட்டுப்பாடம் முடித்து இரவு 11-க்குப் படுக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தரை மணி. அந்தப் பிள்ளை சின்னத் தவறுக்கு அழுதால் அதன் மனநிலையை ஆராய்வதற்கு முன் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் முடிவு ஒன்றும் இங்கே சேரும். கிராண்ட்மாஸ்டருக்குத் தேவையான 2500 ரேட்டிங்கை நெருங்கும்வரை குகேஷை, ஆட்டத்தை அலசும் கணினி நிரலான எஞ்ஜின் பக்கம் விடவில்லை. சொந்தக் கணிப்பு வளர வேண்டும் என்பது அதன் நோக்கம். மனநிலைக்கும் அதில் ஒரு லாபம் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. எஞ்ஜின் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மதிப்பெண் போடும். சிறுவன் தன் ஆட்டத்தைத் தன் கண்ணால் பார்க்கக் கற்குமுன் அந்த மதிப்பெண்ணால் தன்னை எடைபோடக் கற்றுவிடுவான். ஓடுபவருக்கு ஸ்மார்ட் வாட்ச், கிரிக்கெட் பையனுக்கு ஸ்கோரிங் ஆப். வாரத்தில் இரண்டு பயிற்சியாவது கருவி இல்லாமல் நடக்கட்டும், முடிந்ததும் "இன்னைக்கு எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை?" என்று பிள்ளையிடம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கடிகாரத்தின் எண்ணைக் காட்டலாம்.

இலக்கு விஷயத்திலும் ஒரு பாடம் உண்டு. 2019 ஜனவரி 15-இல் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12 வருடம் 7 மாதம் 17 நாள். உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற கர்யாகினின் சாதனை 17 நாளில் கை நழுவியது. அந்தச் சாதனையையும் 2021-இல் அபிமன்யு மிஸ்ரா உடைத்துவிட்டார். பிடித்திருந்தாலும் இரண்டரை வருடம்தான் கையில் இருந்திருக்கும். தேதியோடும் பிறர் வைத்த எண்ணோடும் கட்டப்பட்ட இலக்கு பிள்ளையின் கையில் இல்லை. இலக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. 11 வயதிலேயே உலக சாம்பியன் ஆவேன் என்று கேமரா முன் சொன்னவர்தான் குகேஷ். பெரிய கனவு ஒன்று சுவரில் இருக்கட்டும். அன்றாட நோட்டில் இருக்க வேண்டியது வேறு: இந்த மாதம் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சுவரிலிருந்து புறப்பட்டதும் ஐந்து உதை உள்நீச்சல், இந்த வாரம் நூறு சர்வில் எழுபது பின்கோட்டு மூலைக்குள். சுவருக்கு ஒன்று, நோட்டுக்கு இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

14-வது ஆட்டத்தின் 55-வது நகர்த்தல்

டிசம்பர் 12. குகேஷ் கறுப்பு. ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் நிலை சரியாக ஆடினால் டிராதான். கடிகாரத்தில் குகேஷுக்கு நிறைய நேரம், டிங்குக்குக் கொஞ்சம். டிரா ஆனால் மறுநாள் வேகச் சதுரங்கத்தில் முடிவு. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் டிராவை எழுதிவிட்டார்கள். குகேஷ் விடவில்லை. ஆபத்து எதுவும் இல்லாத நிலையில், எதிராளி ஒவ்வொரு முறையும் சரியான விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். அது பெருந்தவறு. ஆனால் குகேஷ் அதை உடனே கவனிக்கவில்லை. தன் யானையை வேறு கட்டத்துக்கு நகர்த்தப் போனதாக அவரே பிறகு சொன்னார். அப்போதுதான் டிங்கின் பிஷப் மூலையில் மாட்டியிருப்பது கண்ணில் பட்டது: யானைகளை மாற்றி, பிஷப்புகளையும் மாற்றிவிட்டால் வெறும் சிப்பாய் ஆட்டம், அதில் கறுப்புக்கு வெற்றி. மூன்று நகர்த்தலில் டிங் கைகொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்த ஆய்வு முழுக்கத் தேடுவது அந்தச் சில நொடிகளைத்தான். திட்டமிட்ட கை நீளுகிறது, நடுவில் ஒரு நிறுத்தம், இன்னொரு முறை பார்வை. நிறுத்தத்துக்கு இடம் கொடுப்பது பழக்கம். குகேஷ் ஆட்டம் தொடங்குமுன் கண்ணை மூடிச் சற்று உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். சாமி கும்பிடுகிறாரா தியானமா என்று இணையத்தில் விவாதம் நடக்கும். வேலை செய்வது அதன் ஒழுங்கு. எங்கே ஆடினாலும், எதிரே யார் உட்கார்ந்தாலும், உடலுக்கு அதே தொடக்கம். வென்றவுடன் கண்ணீரோடேயே காய்களைத் தொடக்க நிலையில் அடுக்கி வைத்துவிட்டு எழுந்ததும் அதே ஒழுங்கின் மறுமுனை.

இளம் வீரர்களுக்கான முறை

இனி வருவது குகேஷ் செய்ததின் நகல் அல்ல. 12 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு எந்த விளையாட்டிலும் பொருந்துமாறு, விளையாட்டு உளவியலில் நிலைபெற்ற முறைகளை அந்த நான்கு இரவுகளின் வரிசையில் அடுக்கியிருக்கிறோம்.

தோற்ற முதல் 20 நிமிடம் உடலுக்கு. பத்து நிமிடம் நடை, ஒரு தம்ளர் அல்லது இரண்டு தம்ளர் தண்ணீர், ஒரு மணி நேரத்துக்குள் வாழைப்பழமோ இட்லியோ தயிர்சாதமோ. இந்த நேரத்தில் யாரும் ஆட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. அழுகை வந்தால் அழட்டும். "அழக் கூடாது" என்று சொல்வதால் அது நிற்பதில்லை, கழிவறைக்குள் போய்த் தொடரும்.

பிறகு நோட்டில் மூன்று வரி, கையால் எழுத வேண்டும். என்ன நடந்தது என்று ஒரு வரி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது போல: "இரண்டாவது செட்டில் 15–15, கடைசி ஆறு புள்ளியில் நான்கு என் தவறு." எந்த இடத்தில் முடிவு தப்பியது என்று ஒரு வரி, ஓர் இடம் மட்டும். அடுத்த முறை என்ன என்று ஒரு வரி, "இப்படி ஆனால் இதைச் செய்வேன்" என்ற வடிவில்: "சர்வ் இரண்டு முறை நெட்டில் பட்டால் டவலை எடுத்து முகம் துடைப்பேன், அடுத்தது உயரமான சர்வ்." 400 மீட்டர் ஓடுபவர் "250-இல் கால் கனத்தால் தோளைத் தளர்த்தி கையை வீசுவேன்" என்று எழுதலாம். "இன்னும் கவனமாக ஆடுவேன்" என்று எழுதினால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். கவனம் என்பது செயல் அல்ல, களத்தில் அதைச் செய்து காட்ட முடியாது.

அன்றே இன்னொரு ஆட்டம் இருந்தால் இத்தோடு நோட்டு மூடப்படும். மறுநாள் ஆட்டம் என்றால் மாலையில் பயிற்சியாளரோடு 15 நிமிடம், அதுவும் நாளைக்குப் பயன்படக்கூடியதை மட்டும். முழு வீடியோ, முழு அலசல், திட்டு எல்லாம் தொடர் முடிந்து இரண்டு நாள் கழித்து. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சூடு ஆறுமுன் வீடியோவைப் போட்டு அதே தவறை எட்டு முறை ஓடவிட்டால், தவறு திருந்துவதற்குப் பதில் மனப்பாடம் ஆகிவிடும்.

மூச்சுப் பயிற்சி: மூக்கு வழியாக 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீள்வதால் இதயத் துடிப்பு இறங்குகிறது. தலை சுற்றினால் அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறார்கள் என்று பொருள். மெதுவாக, மென்மையாகப் போதும். தினமும் படுக்குமுன் செய்து மூன்று நான்கு வாரம் பழகிய பிறகே போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். போட்டி நாளன்று முதல் தடவையாகச் செய்து பார்த்துவிட்டு "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று விடுபவர்கள்தான் அதிகம். புது ஷூவைப் போட்டுக்கொண்டு யாராவது இறுதிப் போட்டிக்குப் போவார்களா?

தொடங்குமுன் செய்யும் சடங்கு 60 முதல் 90 நொடிக்குள் அடங்க வேண்டும்: ஓர் உடல் அசைவு, இரண்டு மூச்சு, நோட்டிலிருந்து ஒரு சொல். "கை", "உயரம்", "நிதானம்" மாதிரி எதுவாகவும் இருக்கலாம். நீளமாக வைத்தால் நடுவர் அவசரப்படுத்தும் நாளில் பாதியில் அறுந்து, அதுவே பதற்றமாகும். குறிப்பிட்ட சாக்ஸ், குறிப்பிட்ட பேனா இல்லாவிட்டால் ஆட முடியாது என்ற கட்டத்துக்குப் போனால் அது உதவியாக இருப்பதை விட்டுச் சுமையாகிவிட்டது. வீட்டிலேயே வேண்டுமென்று அந்தப் பொருளை மறைத்து வைத்து ஒரு பயிற்சி நடத்திப் பார்க்கலாம்.

தூக்கத்துக்கு: படுக்க ஒரு மணி நேரம் முன் போன் வேறு அறைக்கு. மதியம் 2-க்கு மேல் காபி, டீ, எனர்ஜி டிரிங்க் வேண்டாம். 20 நிமிடம் புரண்டும் வரவில்லையென்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் போகலாம். இன்னொன்றைப் பிள்ளைக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்: போட்டிக்கு முந்தைய இரவு தூக்கம் கெடுவது பெரும்பாலோருக்கு நடக்கிறது, அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கியிருந்தால் ஒரு இரவால் குடி முழுகாது. இது தெரியாத பிள்ளை, தூக்கம் வராததை நினைத்தே விடிய விடிய விழித்திருக்கும்.

வீடு திரும்பும் பைக்

பெற்றோர் செய்யும் சேதத்தில் பாதி மைதானத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நடக்கிறது. முன்னால் ஓட்டிக்கொண்டே அப்பா கேட்பார்: "அந்த பாலை ஏம்ப்பா அப்படி அடிச்சே? நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இறங்கிப் போக வழியில்லை. நல்லெண்ணம்தான், ஆனால் மேலே சொன்ன முதல் 20 நிமிட விதியை அது உடைக்கிறது. வழியில் கேட்க உகந்த கேள்வி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: "பசிக்குதா? என்ன சாப்பிடலாம்?" வென்ற நாளிலும் அதே கேள்வி, அதே குரலில். வென்றால் பரோட்டா, தோற்றால் மௌனம் என்று ஆகிவிட்டால், அன்பு ஸ்கோர்போர்டைப் பார்த்து வருகிறது என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடும்.

குகேஷின் குடும்பத்தில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரான தந்தை தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு பயணம் செய்தார். தாயின் சம்பளத்தில் வீடு ஓடியது. 2017–18 காலத்தில் பணத்துக்குச் சிரமப்பட்டதையும் நண்பர்கள் உதவியதையும் குகேஷ் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியும் இல்லை. இதைப் படித்துவிட்டு வேலையை விடத் தோன்றும் பெற்றோருக்கு: இதே பந்தயத்தைக் கட்டித் தோற்ற குடும்பங்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. "உனக்காக எல்லாத்தையும் விட்டோம்" என்ற ஒரு வாக்கியத்தைத் தாங்கிக்கொண்டு ஆடுவது எந்த எதிராளியை விடவும் கடினம். நம்பத் தகுந்த அளவுகோல்கள் எளியவை: வாரத்தில் ஒழுங்கு செய்யப்பட்ட பயிற்சி மணிகள் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டை விட்டு விலகியிருப்பது. 13 வயதுப் பிள்ளைக்கு 13 மணி நேரம். நம் அகாடமிகள் பலவற்றில் இது புதன்கிழமையே முடிந்துவிடும்.

"நெகட்டிவா யோசிக்காதே"

மிக அதிகமாகச் சொல்லப்படும், மிகக் குறைவாகப் பலன் தரும் அறிவுரை இது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதைதான். அதுவரை நினைவில் இல்லாத குரங்கு கிண்ணத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பயம் வருவதும், தோற்றுவிடுவோமோ என்று தோன்றுவதும் உலக சாம்பியனுக்கும் உண்டு. முதல் ஆட்டத்தில் பதற்றம் இருந்ததை குகேஷும் மறைக்கவில்லை. பயிற்சி தர வேண்டியது, அந்த எண்ணம் வந்ததும் கண்ணும் கையும் எங்கே போக வேண்டும் என்பதற்கு. "பயமா இருக்கு" என்று பெயர் சொல்லி, இரண்டு மூச்சு விட்டு, நோட்டில் எழுதிய அந்தச் செயலுக்குத் திரும்புவது. பயம் அங்கேயே இருக்கும். இருந்துகொண்டே ஆடலாம்.

எதிரே உட்கார்ந்திருந்த டிங்கையும் மறக்கக் கூடாது. 2023-இல் பட்டம் வென்றபின் மன அழுத்தத்தோடு போராடியதை அவர் ஒளிக்கவில்லை. மாதக்கணக்கில் போட்டிகளை விட்டு விலகியிருந்தார். அவர் ஒரு ஆட்டத்தைக்கூட வெல்ல மாட்டார் என்று பேசியவர்களுக்கு நடுவே வந்து இரண்டு வென்றார். தோற்றபின், அந்த ஆண்டில் தான் சிறப்பாக ஆடிய தொடர் இதுதான் என்றும் வருத்தமில்லை என்றும் சொன்னார். மூச்சுப் பயிற்சியாலும் மூன்று வரி நோட்டாலும் சரியாகாத நிலைகள் உண்டு. தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் மாறியிருந்தால், பிடித்த பயிற்சிக்கே போக மறுத்தால், காரணம் தெரியாத வயிற்றுவலி ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் வந்தால், உடம்பைக் காயப்படுத்திக்கொண்டால், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் அது பயிற்சியாளர் தீர்க்கும் விஷயமல்ல. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

வழக்கு இன்னும் முடியவில்லை. உலக சாம்பியனாக 2025 செப்டம்பரில் சமர்கண்டில் கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் ஆடிய குகேஷ் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றார். முதலில் வென்றவர், 12 வயதுச் சாதனையை உடைத்த அதே அபிமன்யு மிஸ்ரா. பிறகு கிரீஸின் தியோடோரு, பிறகு துருக்கியின் குரெல். அந்த நான்கு தோல்விகளில் நாம் எண்ணிய 'தோல்விக்கு அடுத்தது தோல்வியில்லை' என்ற வரிசை அங்கே நிற்கவில்லை. எட்டாவது சுற்றில் எதிரே அமர்ந்தவர், அந்த ஆண்டு மகளிர் உலகக் கோப்பையை வென்ற திவ்யா தேஷ்முக். அந்த ஆட்டம் டிரா.